பிழைக்கான காரணம்

7

ஸ்டீல் ஸ்பூனில் ஒட்டியிருந்த பட்டாணிதான் இந்தத் தடவையும் முதலில் விழுந்தது.

"மூணு நிமிஷம் நாப்பது நொடி" என்று சொல்லித் தாளில் குறித்துக்கொண்டார் ஸ்கேல்.

மேஜை நடுவே ஒரு டம்ளர் நிறைய வெந்நீர். அதற்குள் ஒரு ஸ்டீல் ஸ்பூன், ஒரு மரக்கரண்டி, ஒரு பிளாஸ்டிக் ஸ்பூன். மூன்றின் காம்பு நுனியிலும் ஒரு பொட்டு வெண்ணெய், வெண்ணெயில் ஒரு பட்டாணி. அப்போதுதான் ஆபீசுக்குள் நுழைந்த கண்டக்டர் கைப்பையைக்கூடக் கீழே வைக்காமல் கொஞ்ச நேரம் நின்று பார்த்தாள்.

"பசின்னா சொல்லுங்க சார், டிபன் வாங்கிட்டு வரேன். ஒவ்வொரு பட்டாணியா விழட்டும்னு காத்துக்கிட்டு இருக்க வேணாம்."

வெளியே தொங்கிய துப்பறியும் நிறுவனப் பலகையில் அவருக்கு ஒரு பெயர் இருக்கத்தான் செய்தது. ஆனால் குச்சி மாதிரி ஆறடி உயரமும் எதைக் கண்டாலும் அளந்து பார்க்கும் குணமும் சேர்ந்து, தெரிந்தவர்கள் எல்லோருக்கும் அவர் ஸ்கேல் ஆகிவிட்டார். அவளோ பதினைந்து வருஷம் பஸ்ஸில் டிக்கெட் கிழித்தவள். முழங்கால் மக்கர் பண்ண ஆரம்பித்ததும் வேலையை விட்டு இவரிடம் உதவியாளராக வந்து சேர்ந்தாள். அவள் பஸ்ஸை விட்டு இறங்கினாலும் கண்டக்டர் என்ற பெயர் இறங்கவில்லை.

ஸ்கேல் தண்ணீரை மாற்றி இன்னொரு தடவை செய்து பார்த்தார். இப்போது இரண்டு நிமிஷம் ஐம்பத்தைந்து நொடி. அப்புறம்தான் பக்கத்தில் இருந்த நோட்டை அவள் பக்கம் திருப்பினார். அட்டை போட்டு, லேபிள் ஒட்டி, ஆறாம் வகுப்புப் பெண்ணின் முத்துமுத்தான எழுத்து: விடுமுறைச் செயல்திட்டம், வெப்பம் எப்படிப் பயணம் செய்கிறது?

அந்த நோட்டை இரண்டு நாள் முன்பு கொண்டுவந்து வைத்தவர் அந்தப் பெண்ணின் தாய்மாமன். அவருடைய தங்கை ஒரு கார் விபத்தில் கழுத்தெலும்பு முறிந்து இரண்டு வருஷமாகப் படுக்கையில் இருந்தவள். பேச்சும் சிரிப்பும் அழுகையும் மிச்சம், கழுத்துக்குக் கீழே எதுவும் இல்லை. இந்தக் கோடை விடுமுறையில் ஒரு மத்தியானம் அந்தப் படுக்கையிலேயே செத்துப்போனாள். வெயில் தாங்காமல் இறந்ததாக டாக்டர் எழுதிக் கொடுத்தார். அன்றைக்கு அடித்த வெயிலில் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. மாமனுக்கு மட்டும் ஒரு உறுத்தல். தங்கையைப் பார்த்துக்கொண்ட ஹோம் நர்ஸ் சரியாக அந்தச் சாவோடு முடிந்த மூன்று நாள் மட்டும் லீவில் போயிருந்தாள்.

பள்ளிக்கூடம் திறந்தது. தங்கை மகளின் செயல்திட்டத்துக்கு முதல் பரிசு கிடைத்து, நோட்டை ஹாலில் பார்வைக்கு வைத்தார்கள். பெருமையாகப் பார்க்கப் போன மாமன் தேதிகளைப் பார்த்துத் திகைத்துப்போனார். நோட்டின் கடைசித் தேதி, தங்கை செத்த தேதி.

"என் தங்கச்சி செத்துக்கிட்டிருந்த ரூம்ல உக்காந்து குழந்தை எதையோ அளந்துக்கிட்டு இருந்திருக்கா சார்" என்றவர் அதற்கு மேல் பேச முடியாமல் எழுந்து போய்விட்டார்.

அளந்தது சூட்டை. வீட்டுக்குப் பின்னால் தகரக் கூரை போட்ட இரண்டு அறைகள் ஒட்டி ஒட்டி இருந்தன. ஒன்று சாமான் அறை, அதன் கூரைக்கு வெள்ளைப் பெயின்ட். இன்னொன்று அம்மாவின் அறை, அதற்கு இந்தச் செயல்திட்டத்துக்காகவே கறுப்புப் பெயின்ட். எந்த அறை அதிகம் சூடாகும் என்பதுதான் கேள்வி. மூன்று நாள், மணிக்கு ஒரு தடவை. செய்முறையும் அழகாக எழுதியிருந்தது. மின்விசிறியை நிறுத்த வேண்டும். ஜன்னல்களை மூட வேண்டும். சூடான காற்று மேலே போய் வெளியேறிவிடாமல் வென்டிலேட்டரில் பழைய துணியை அடைக்க வேண்டும். கறுப்புக் கூரை அறை முப்பத்தொன்பது டிகிரியில் ஆரம்பித்து நாற்பத்தாறில் முடிந்தது. கடைசிப் பக்கத்தில் 'பிழைகள்' என்ற தலைப்புக்குக் கீழே ஒரே வார்த்தை: இல்லை.

கண்டக்டர் அந்த வார்த்தையை இன்னொரு தடவை படித்தாள். சொல்லிக் கொடுத்தது யாராக இருக்கும் என்று யோசிக்கவே வேண்டாம். பெண்ணின் அப்பா பள்ளிக்கூடத்தில் அறிவியல் வாத்தியார். ஞாயிற்றுக்கிழமைகளில் தெருப் பிள்ளைகளைக் கூட்டிவைத்து, பாட்டில் வாயில் பலூனை மாட்டி வெந்நீரில் வைத்து ஊத வைப்பார். காகிதக் கப்பில் தண்ணீர் ஊற்றி மெழுகுவத்தியில் கொதிக்க வைத்துக் காட்டுவார். பிள்ளைகளுக்கு அவர் பலூன் வாத்தியார். தெருவுக்கு அவர் மனைவியைக் கண்ணுக்குள் வைத்துப் பார்த்துக்கொண்ட மகராசன். அந்த மூன்று நாளும் காலை எட்டிலிருந்து மாலை ஐந்து வரை விடைத்தாள் திருத்தும் மையத்தில் இருந்தார். நாற்பது வாத்தியார்கள் சாட்சி.

"முதல் சோதனையப் பாருங்க" என்றார் ஸ்கேல். "பட்டாணி விழுந்த நேரம். நாலு நிமிஷம், நாலு நிமிஷம், நாலு நிமிஷம். எனக்கு நாலு தடவையும் நாலு மாதிரி வருது. நிஜமா அளந்தா அப்படித்தான் வரும். ரூம் சூடும் அப்படித்தான், மாடிப்படி மாதிரி சீரா ஏறுது. ஒரே பேனா, ஒரு அடித்தல் திருத்தல் இல்ல. பதினோரு வயசுக் குழந்தை மூணு நாள் அந்த ரூம்ல வேர்க்க வேர்க்க எழுதினது இது இல்ல, கண்டக்டர். யாரோ பக்கத்துல உக்காந்து எழுத வெச்ச நல்ல நோட்டு. ரஃப் எங்க?"

ரஃப் நோட்டு என்று ஒன்று இருந்தால் அது வாத்தியார் வீட்டு அடுப்பில் எப்போதோ சாம்பலாகியிருக்கும் என்றாள் கண்டக்டர். அவர் அதை மறுக்கவில்லை. அந்த அறையில் தினமும் எழுதுகிற இன்னொரு ஆள் உண்டே என்று மட்டும் சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டினார்.

ஹோம் நர்ஸ் இப்போது வேறொரு வீட்டில் ஒரு கிழவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மொட்டை மாடியில் ஈரப் படுக்கை விரிப்புகளை உதறிக் கொடியில் போட்டுக்கொண்டிருந்தவள், இவர்களைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். லீவு போட்டது ஒரு குற்றமா, அந்த மாமன் ஊரெல்லாம் தன்னைக் கொலைகாரி என்று சொல்லிக்கொண்டு திரிகிறாரே என்று பொரிந்து தள்ளினாள். கண்டக்டர் விரிப்பின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு நாலு விரிப்பு காயப்போட்டு முடிக்கும் வரை கேட்டுக்கொண்டே இருந்தாள். ஐந்தாவது விரிப்பில் குரல் இறங்கியது.

லீவை அவள் கேட்கவில்லை. வாத்தியாரே கூப்பிட்டு, மூன்று நாள் ஊருக்குப் போய் உன் பிள்ளைகளைப் பார்த்துவிட்டு வா என்று அனுப்பிவைத்தார். அவளும் சந்தோஷமாகப் போனாள். போகும்போது பெண்ணிடம் ஒன்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள்.

"அவங்களுக்குக் கழுத்துக்குக் கீழ வேர்க்காது. நமக்குச் சூடு ஏறினா வேர்வை வந்து குளிரவைக்கும். அவங்களுக்கு அது கிடையாது. ரூம் சூடு ஏறினா உடம்பும் கூடவே ஏறும். அதனால மணிக்கு ஒரு தடவை காய்ச்சல் பாத்து சார்ட்டுல எழுதுடான்னு பாப்பாகிட்ட சொன்னேன்."

வேர்க்காது என்ற விஷயம் வாத்தியாருக்குத் தெரியுமா என்று ஸ்கேல் கேட்டார்.

அவள் கிளிப் மாட்டுவதை நிறுத்திவிட்டு அவரைப் பார்த்தாள். "எனக்கே அவர்தான் சொல்லிக் குடுத்தார்."

சார்ட் அவளிடமே இருந்தது. காரியம் முடிந்து தன் சாமான்களை எடுக்கப் போனபோது கட்டில் காலில் தொங்கியதையும் சேர்த்து எடுத்து வந்திருந்தாள். ஏஜென்சியில் திருப்பிக் கொடுக்க வேண்டியது, மனசு வராமல் பையிலேயே கிடந்தது. அந்த மூன்று நாளுக்கான கட்டங்கள் காலியாக இருந்தன. பாவம், குழந்தை மறந்துவிட்டது போல என்றாள் நர்ஸ்.

கண்டக்டர் தாளை வாங்கித் திருப்பினாள். டிக்கெட் எதுவானாலும் பின்பக்கத்தையும் பார்ப்பது பதினைந்து வருஷத்துப் பழக்கம்.

பின்பக்கம் முழுக்கப் பென்சில் எழுத்து. வேர்வை பட்டு அங்கங்கே கலங்கியிருந்தது. முன்பக்கக் கட்டத்தில் இரண்டு எண்கள் கொள்ளாது என்பதால் குழந்தை பின்னால் கோடு போட்டு எழுதியிருந்தாள். ஒரு வரிசைக்கு 'ரூம்' என்று தலைப்பு. பக்கத்து வரிசைக்கு 'அம்மா'. முதல் நாள் ரூம் முப்பத்தொன்பது, அம்மா தொண்ணூற்றொன்பது. ரூம் நாற்பத்தொன்று, அம்மா நூறு. ஒன்று ஏற ஏற மற்றொன்றும் ஏறிக்கொண்டே போனது. இரண்டாம் நாள் நடுவில் கண்டக்டருடைய விரல் நின்றது. அந்த இடத்தில் எண்களுக்கு நடுவே நாலைந்து வரி எழுத்து. அதைப் படித்து முடித்ததும் தாளை ஸ்கேலிடம் நீட்டினாள்.

மாடிப்படியில் இறங்கும்போது, இந்தத் தாளை அந்தக் குழந்தையின் கண்ணில் காட்டக் கூடாது என்று அவரிடம் சொன்னாள். நேராகப் போலீஸிடம் கொடுத்துவிடலாம்.

"இது அவ கையெழுத்து" என்றார் ஸ்கேல். "அப்பன் இதைப் பொய்னு சொல்றதுக்கு முன்னாடி அவ வாயால வரணும். நாளைக்கு அவளை மிரட்ட அவருக்கு ஒரு ராத்திரி போதும்."

"மனுஷனா சார் நீங்க?" என்றாள். அதை அவள் ஜோக்காகச் சொல்லவில்லை.

வழியில் விடைத்தாள் மையத்து வாட்ச்மேனிடம் ஐந்து நிமிஷம் பேசினார்கள். உள்ளே செல்போன் கூடாது. அதனால் அந்த வாத்தியார் மணிக்கு ஒரு தடவை வாட்ச்மேன் அறைக்கு வந்து வீட்டுக்குப் போன் பண்ணுவாராம். படுத்த படுக்கையாக இருந்த பெண்டாட்டி மேல் அப்படிப் பாசம் வைத்த மனுஷனைத் தன் சர்வீஸில் பார்த்ததில்லை என்று வாட்ச்மேன் சொன்னார்.

நாலு மணிக்கு அவர்கள் வாத்தியார் வீட்டுக்குள் நுழைந்தபோது முன்னறையில் ஏழெட்டுப் பிள்ளைகள் வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் ஒரு வாளி வெந்நீர். பாட்டில் வாயில் சிவப்புப் பலூன் ஒன்று மெல்ல நிமிர்ந்துகொண்டிருந்தது. ஸ்கேல் போனில் சொல்லிவைத்தபடி மாமனும் இன்ஸ்பெக்டரும் ஜன்னலுக்கு வெளியே, சுவரோடு ஒட்டி நின்றுகொண்டார்கள்.

வாத்தியார் பிள்ளைகளை அனுப்பிவிட்டு, வந்தவர்களுக்குத் தண்ணீர் கொடுத்து உட்கார வைத்தார். மிருதுவான குரல், சலவை செய்த சட்டை. மகளைத் தும்பி என்று கூப்பிட்டு வாளியை மூலையில் கொண்டுபோய் வைக்கச் சொன்னார். பெண் ஒல்லியாக, இரட்டைப் பின்னலோடு, பாட்டில்களை ஒவ்வொன்றாகச் சத்தம் வராமல் எடுத்து அடுக்கினாள்.

ஸ்கேல் இரண்டே கேள்வி கேட்டார். அந்த மூன்று நாளில் வீட்டுக்குப் போன் பண்ணினீர்களா? மையத்தில் போனுக்கு அனுமதி இல்லை, பண்ணவில்லை. மனைவிக்குக் காய்ச்சல் ஏறியது தெரியுமா?

"தெரிஞ்சிருந்தா ஓடி வந்திருக்க மாட்டேனா?" என்றார் வாத்தியார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அப்புறம் யாரும் கேட்காமலே பேச ஆரம்பித்தார்.

அதை யாரிடமும் சொல்வதில்லை என்று இருந்தாராம். கறுப்புப் பெயின்ட் அடித்துக் கொடுத்தது அவர்தான், குழந்தை கேட்டாள். ஆனால் அம்மாவைச் சாமான் அறைக்கு மாற்றிவிட்டுத்தான் ஜன்னலை மூட வேண்டும் என்று படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். மூன்றாம் நாள் சாயங்காலம் வந்து பார்த்தால் அம்மா கறுப்புக் கூரைக்குக் கீழேயே கிடக்கிறாள். வென்டிலேட்டரில் துணி. விசிறி நிற்கிறது. அவர்தான் எல்லாவற்றையும் அவசரமாகப் பழையபடி ஆக்கினார். எதற்காக? பெற்ற மகளைக் காப்பாற்ற.

"தும்பி, இங்க வாம்மா." அவள் வந்தாள். அவர் அவளுடைய தலையில் கை வைத்தார். "பண்ணினது இவதான். விவரம் தெரியாம பண்ணிட்டா. நான் மன்னிச்சுட்டேன். நீங்க இவளை என்ன செய்யணுமோ செய்யுங்க."

பெண் கையில் இருந்த பாட்டிலை மெதுவாக மேஜையில் வைத்தாள்.

கண்டக்டருக்கு அப்போதுதான் அந்தத் திட்டத்தின் முழு நீளமும் தெரிந்தது. அறையைச் சூடாக்கியது மட்டும் இல்லை. பிடிபட்டால் பின்னால் ஒளிந்துகொள்ளவும் ஒரு குழந்தையைத் தயார் பண்ணி வைத்திருந்தார். எந்தக் கோர்ட்டும் அவளைத் தண்டிக்காது, எந்த மனுஷனும் அவளைத் தாண்டிப் பின்னால் பார்க்கத் துணிய மாட்டான். பஸ்ஸில் எத்தனையோ கல்நெஞ்சக்காரர்களைப் பார்த்தவள் அவள். இப்படி ஒருவன் மிருதுவான குரலில் பேசி இதுவரை கேட்டதில்லை.

ஸ்கேல் சார்ட்டை எடுத்துப் பின்பக்கம் மேலே தெரியும்படி மேஜையில் வைத்தார். தலையில் இருந்த கை அசையாமல் நின்றது.

"சார், வேணாம்" என்றாள் கண்டக்டர்.

"ரெண்டாம் நாள் ரெண்டு மணிலருந்து படிம்மா" என்றார் ஸ்கேல்.

தும்பி அப்பாவை ஒரு தடவை பார்த்தாள். அப்புறம் வகுப்பில் எழுந்து நின்று வாசிக்கிற குரலில், எழுத்துக்கு எழுத்து வாசித்தாள்.

"மணி இரண்டு. ரூம் நாற்பத்து நான்கு. அம்மா நூற்று மூன்று. மணி மூன்று. ரூம் நாற்பத்து ஒன்று. இது பிழை. பிழைக்கான காரணம்: அம்மா அழுதாள். நான் ஜன்னலைத் திறந்தேன். அப்பா போன் செய்து ஏன் குறைந்தது என்று கேட்டார். அம்மாவுக்கு நூற்று மூன்று, அழுகிறாள் என்று சொன்னேன். பரவாயில்லை, ஜன்னலை மூடு, இல்லாவிட்டால் பரிசு கிடைக்காது என்றார். மூடினேன். மணி நான்கு. ரூம் நாற்பத்து நான்கு. பிழை சரி செய்யப்பட்டது."

வாளித் தண்ணீர் ஆறிக்கொண்டிருந்தது.

வாத்தியார் கையை எடுத்துக்கொண்டார். மகளைப் பார்த்து, வீட்டுப்பாடம் கொண்டுவராத பிள்ளையிடம் கேட்பது போல நிதானமாகக் கேட்டார்.

"ரஃப் தொலைஞ்சு போச்சுன்னுதானே சொன்ன?"

"நர்ஸம்மா எடுத்துட்டுப் போயிட்டாங்கப்பா" என்றாள் தும்பி. "அது அவங்க சார்ட்டு."

இன்ஸ்பெக்டர் உள்ளே வந்து தோளைத் தொட்டபோது வாத்தியார் எதிர்க்கவில்லை. சட்டைக் கையை இறக்கிவிட்டுப் பித்தான் போட்டுக்கொண்டார். இரண்டு வருஷம் தூக்கம் கெட்டு அவளைப் புரட்டிப் புரட்டிப் போட்டவன் தான்தான், இங்கே நிற்கிறவர்களில் யார் ஒரு நாள் அதைச் செய்திருக்கிறீர்கள் என்று கேட்டார். விபத்து நடந்த அன்றைக்குக் காரை ஓட்டியது யார் என்று ஸ்கேல் கேட்டார். வாத்தியார் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். மகளைத் திரும்பிப் பார்க்காமல் ஜீப்பில் ஏறினார்.

மாமன் பின்பக்கத்து அறை வாசலில் உட்கார்ந்து, தங்கையின் காலிக் கட்டிலைப் பார்த்து அழுதுகொண்டிருந்தார். ஸ்கேல் அவர் பக்கத்தில் போய் நின்றார், தொடவில்லை. முதல் தடவையாக அவருக்குத் தன் உயரத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

முன்னறையில் தும்பி தரையில் உட்கார்ந்திருந்தாள். கண்டக்டர் முழங்கால் வலியைப் பொருட்படுத்தாமல் அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். குழந்தை சார்ட்டை இன்னும் கையில் வைத்திருந்தாள். மூன்றாம் நாளின் கடைசி வரி தெரிந்தது. ரூம் நாற்பத்தாறு என்று இருந்தது. அம்மாவின் வரிசையில் எண் இல்லை. 'பேசவில்லை' என்று எழுதியிருந்தது.

"ஆன்ட்டி, அப்பா சொன்ன மாதிரி நான்தான் பண்ணினேனா?"

இல்லை என்றாள் கண்டக்டர். அவளைத் தன் மடியோடு அணைத்துக்கொண்டு, வாயில் வந்ததையெல்லாம் சொன்னாள். அம்மாவுக்கு ஏற்கெனவே உடம்பு ரொம்ப முடியாமல் போயிருந்தது. அந்த வருஷத்து வெயிலே அப்படி. எத்தனையோ வீட்டில் எத்தனையோ பேருக்கு அப்படித்தான் ஆனது.

"ஜன்னல் திறந்தே இருந்திருந்தாலும் ஒண்ணும் மாறியிருக்காதுடா கண்ணு. சத்தியமா."

தும்பி மடியிலிருந்து நிமிர்ந்தாள். சார்ட்டை விரித்து, கலங்கிப்போன பென்சில் எழுத்தில் ஒரு இடத்தில் விரலை வைத்துக் காட்டினாள்.

"மூணு டிகிரி குறைஞ்சுது ஆன்ட்டி" என்றாள். "அம்மா கொஞ்ச நேரம் தூங்கினா."